அமாவாசையில் வைத்த கடற்கரை வகுப்பு

பேருந்துச் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்ததையும் தேங்காய் உடைத்ததையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே மலேசியாவில், ஈப்போவிலிருந்து நம்மவர்கள் எங்கே புறப்பட்டாலும் அது உண்டு. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் வேறு. பேருந்து நிரம்பியிருந்தது. என் வகுப்புக்கு அதில் பாதிப் பேர்கூட ஒருநாளும் வந்ததில்லை.

வகுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வட்டாரத்துச் சமூக மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். சம்பளம் இல்லாத வேலை. மலை எப்படி வந்தது, ஆறு ஏன் வளைகிறது, மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பவைதான் பாடம். அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்துப் பள்ளியோடு நின்றவர்கள். வீட்டில் பல்கலைக்கழகம்வரை போனவன் நான் மட்டும்தான். புவியியல் படித்தேன். படித்ததை நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஓர் ஆசை, அவ்வளவுதான். அந்த ஆசை எவ்வளவு பொறுமையைக் கேட்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதே சனிக்கிழமை காலையைக் கரோக்கே குழுவும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஆள் பலம் அதிகம், சத்தமும் அதிகம். மண்டபத்தின் தலைவி, தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத் தமிழ் அம்மையார். அவரை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடற்கரைக்கு ஒரு கல்விப் பயணம் போகிறோம் என்று நான் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாட்டுக்காரரும் அந்த நேரத்தைத்தான் கேக்கினம். நீர் கூட்டிக்கொண்டு போறது படிப்போ பிக்னிக்கோ எண்டு நானும் வந்து பாக்கிறன். படிப்பெண்டால் மண்டபம் உமக்கு. பிக்னிக் எண்டால் அவைக்கு."

ஆகவே அந்த ஒரு நாளில்தான் என் வகுப்பு நிற்பதும் போவதும் இருந்தது.

நான் சும்மா தேதி வைக்கவில்லை. லுமூட்டைத் தாண்டி ஒரு கடற்கரை இருக்கிறது. நீர் மிகவும் வற்றும் நாளில் அங்கே கடலின் அடித்தரை நெடுந்தூரத்துக்கு வெளியே தெரியும். அதில் நடந்து போகலாம். சேற்று மீன், நண்டு, சிப்பி, அலை மணலில் போட்ட வரி என்று கண்ணால் பார்த்தே படிக்கலாம். கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையை வைத்துக்கொண்டு, நண்பகலை ஒட்டி நீர் அடியோடு வற்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேதிக்குப் பக்கத்தில் அட்டவணையில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. நிலவு இல்லாத நாள் என்று அதற்குப் பொருள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தேதியைச் சொன்னதும் பெயர் கொடுக்கக் கூட்டம் கூடிவிட்டது. வகுப்புக்கே வராதவர்கள் வந்தார்கள். தோட்டத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டிய பெரியவர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குவதையே வழக்கமாக வைத்திருந்தவர், எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல நாளாப் பாத்து வச்சிருக்க தம்பி" என்றார். ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனத்துக்குள் கரோக்கே குழுவை ஜெயித்துக்கொண்டே போனேன்.

பேருந்து புறப்பட்டதும் ஒலிவாங்கியை எடுத்தேன். முதுகில் மாட்டிக்கொள்ளும் ஒரு சிறிய ஒலிபெருக்கியையும் கடற்கரையில் பேசுவதற்காகக் கொண்டுவந்திருந்தேன். சுண்ணாம்பு மலைகளைக் காட்டி, இவையெல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தவை என்று ஆரம்பித்தேன். பின்னால் யாரோ, அப்படியென்றால் கோவில் குகைகளில் மீன் இருந்திருக்குமா என்று கேட்டார்கள். இன்னொருவர் தண்டாஸ் எப்போது வரும் என்று கேட்டார். அது பத்து காஜா ஊரைக்கூடத் தாண்டாத நேரம். பத்து காஜாவில் நிறுத்தினோம். இறங்கினார்கள், ஏறினார்கள். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நிறுத்தினோம். ஈயச் சுரங்கக் குட்டைகள் எப்படி உண்டாயின என்று நான் சொன்ன பாடத்தில் பாதி, கழிப்பறை வாசல்களில் நின்றபடி சொன்னது.

காலைச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம், தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும், வாங்கி வைத்திருந்தேன். எல்லாரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். யாரும் பிரிக்கவில்லை. கையுறை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர், பேருந்தின் சாப்பாட்டு நிர்வாகத்தை யாரும் கேட்காமலே தம் கையில் எடுத்துக்கொண்டவர், அவ்வளவையும் திரும்ப வாங்கி ஒரு பையில் போட்டுக் கட்டினார். ஏன் என்று கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்றார். டீச்சர்கூடப் பாலில்லாத கோப்பி ஓ மட்டும் குடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெத்திலி சரியில்லையோ, சம்பல் காரமோ என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆயர் தாவாரைத் தாண்டும்போது லாரிப் பெரியவர் கைப்பேசியில் யாரிடமோ பேசுவது காதில் விழுந்தது. தாங்கள் வந்துகொண்டே இருப்பதாகவும், இலை போட்டுத் தயாராக வைக்கும்படியும் சொன்னார். யாருக்கு இலை என்று கேட்டேன்.

"சாமிக்குச் சொன்னேன் தம்பி. பண்டாரம். சித்தியவான்லேருந்து வாராரு."

"எதுக்கு வாராரு?"

"எள்ளுத் தண்ணி விடணும்ல."

நான் ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். அது அணைக்கப்படவில்லை என்பதால் நான் மூச்சு விட்டதும் பேருந்து முழுவதும் கேட்டது. அக்காதான் இரக்கப்பட்டுச் சொன்னார்.

"இன்னைக்கு ஆடி அமாவாசைலா தம்பி. தெரிஞ்சுதான வச்ச?"

பேருந்தில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அப்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பைகளில் வாழையிலைச் சுருள்கள். ஒருவர் மடியில் தர்ப்பைக் கட்டு. அந்த மணம், காலையிலிருந்து என்னவென்று யோசித்துக்கொண்டிருந்த மணம், வறுத்த எள்ளுருண்டை. இவர்கள் என் வகுப்புக்கு வரவில்லை. தகப்பனில்லாதவர்கள் எல்லாரும் சேர்ந்து கடலில் எள்ளும் தண்ணீரும் விடப் போகிறார்கள். அதற்குப் பேருந்து ஏற்பாடு செய்த புண்ணியவான் நான்.

முன் இருக்கையிலிருந்து டீச்சர் திரும்பிப் பார்த்தார். "ஏன் தம்பி, நீர் கலண்டர் பாக்கேல்லையோ?"

"ஓத அட்டவணை பாத்தேன் டீச்சர்" என்றேன். நிலவு இல்லாத நாள் என்று தெரிந்தவனுக்கு அமாவாசை என்று தெரியாதா என்று கேட்டால், தெரியும். ஆனால் அட்டவணையில் இருந்த கறுப்பு வட்டத்தையும், ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு நாள் எங்கள் வீட்டில் மீன் வாங்காமல் இருப்பதையும் நான் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. வீட்டில் அதையெல்லாம் நினைவில் வைத்திருப்பவர் அம்மா. அவரோ அந்த வாரம் பிள்ளை பெற்றிருந்த என் தங்கையைப் பார்த்துக்கொள்ள பத்து காஜாவுக்குப் போயிருந்தார்.

லாரிப் பெரியவர் கேட்டார், "அப்பா இருக்காரா தம்பி?"

"இருக்காரு."

"அதான். அப்பா இருக்கவனுக்கு இந்த நாள் எப்படித் தெரியும். விடு."

அவர் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது. ஒருவராவது முன்கூட்டியே வாய் திறந்திருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று அக்காவிடம் கேட்டேன். படித்த பிள்ளை நாள் பார்க்காமலா வைக்கும் என்று பேசிக்கொண்டார்களாம். வகுப்புக்கு வராதவர்களைக்கூட அதைச் சொல்லித்தான் சேர்த்தார்களாம்.

அதற்குள் எனக்கு மதியச் சாப்பாடு நினைவுக்கு வந்துவிட்டது. சித்தியவானில் ஒரு சீனர் கடையில் சொல்லி வைத்திருந்தேன். ஆவியில் வேகவைத்த மீன், மிளகாய் நண்டு, கணவாய்ச் சம்பல். கடல் பற்றிய பாடத்துக்குக் கடல் சாப்பாடு என்று அப்போது அது எனக்குப் பொருத்தமாகத் தோன்றியிருந்தது. கடை முதலாளி தவுக்கேயை அழைத்தேன். நண்டுகள் சட்டிக்குள் போய்விட்டன என்றார். காய்கறியும் அரிசிச் சேமியாவில் மீஹூனும் செய்ய முடியுமா என்று கெஞ்சினேன். செய்கிறேன் என்றார். பின்னாலிருந்து அக்கா, வறுக்கும் குவாலியை நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொல்லும்படி எனக்குக் கட்டளையிட்டார். அதையும் சொன்னேன்.

கடற்கரையில் இறங்கியதும் அடுத்த பிரச்சினை. கடலைக் காணவில்லை.

நான் கணக்குப் பார்த்து வைத்தபடியேதான் எல்லாம் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறும் மணலும், அதற்கு அப்பால் கோடு போட்டதுபோல் கொஞ்சம் தண்ணீர் மினுக்கம். அவ்வளவு அழகான அடித்தரையை நான் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. சவுக்கு மரத்தடியில் இலை போட்டு உட்கார்ந்திருந்த பண்டாரம் என்னைப் பார்த்த பார்வையில் அந்த அழகு எதுவும் இல்லை. எள்ளையும் பிண்டத்தையும் எங்கே விடுவது என்று கேட்டார். நண்பகலுக்குள் முடிக்க வேண்டும், தண்ணீர் திரும்பி வரும்வரை காத்திருக்க முடியாது, தமக்கு வேறு ஆட்கள் வேறு இடத்தில் காத்திருக்கிறார்கள் என்றார்.

லாரிப் பெரியவர் இடுப்பில் கைவைத்து வெகுநேரம் அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடல காட்டுறேன்னு கூட்டிட்டு வந்து, கடலே இல்லாத எடத்துல எறக்கி விட்டுட்டியே தம்பி."

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். பக்கத்தில் ஆறு இருக்கிறதா, வேறு கடற்கரை இருக்கிறதா, போன வருடம் போன இடத்தில் தண்ணீர் இருந்ததே என்று என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். டீச்சர் ஒரு மரத்தடியில் குடை பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். படிப்போ பிக்னிக்கோ என்ற கேள்விக்கு விடை இரண்டுமில்லை என்று அவர் முடிவு கட்டுவது எனக்குத் தெரிந்தது. பெரியவர் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. ஆறு எதுவும் வேண்டாமா என்று அவரிடம் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். தோட்டத்திலிருந்து அவருடைய அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடக் கொண்டுபோனார்கள். அப்போது அவர் அம்மா வயிற்றில் இருந்தார். போனவர் திரும்பவில்லை. எந்த நாளில் செத்தார் என்று சொல்ல யாருமில்லை. அதனால் திதி கிடையாது, இந்த ஒரு நாள்தான். இதுவரை ஆற்றில்தான் விட்டிருக்கிறார். உடம்பு இருக்கும்போதே ஒரு தடவை கடலில் விட வேண்டும் என்று இருந்தாராம்.

அவர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகும் வழியைச் சொல்வதுபோல் சொன்னார். நான் ஒலிபெருக்கியை முதுகில் மாட்டிக்கொண்டேன்.

"நடந்து போவோம்" என்றேன். "நான் வழி காட்டுறேன். நான் மிதிக்கிற எடத்துலயே மிதிங்க."

சேற்றில் எங்கே கால் புதையும், எங்கே மணல் இறுகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் போன மாதமே தனியாக வந்து நடந்து பார்த்திருந்தேன். பண்டாரத்துக்கு முழங்கால் வலி. அவரால் வர முடியாது. மந்திரத்தைக் கைப்பேசியில் சொல்கிறேன் என்றார். ஆக, வேட்டியை மடித்துக் கட்டியவர்களும் சேலையைத் தூக்கிச் செருகியவர்களும் கையில் இலைப் பொட்டலத்தோடு ஒருவர் பின் ஒருவராக வர, ஓய்வு பெற்றோருக்கான என் கல்விப் பயணம் கடலின் அடித்தரையில் இறங்கியது.

சும்மா நடக்க எனக்கு மனம் வரவில்லை. சேற்று மீனைக் காட்டினேன். மீனுக்குக் கால் இருக்கிறதா என்றார்கள். ஒருவர் நின்று படம் எடுத்தார், அவருக்குப் பின்னால் வந்த வரிசை முழுவதும் நின்றது. மணலில் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பரப்பிக் கிடந்ததைக் காட்டி, நண்டு மணலை வாயில் போட்டு உணவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை இப்படி உருட்டிப் போடுகிறது என்றேன். அக்கா குனிந்து பார்த்துவிட்டு, நமக்கு முன்னாலேயே யாரோ பிண்டம் வைத்துவிட்டார்கள் என்றார். வரிசை நெடுக அந்தப் பேச்சு சிரிப்போடு பின்னால் போனது. என் பாடம் போகவில்லை.

தண்ணீர் விளிம்பில் அவர்களை ஒரே வரிசையாக நிறுத்தினேன். பண்டாரத்தை அழைத்து, கைப்பேசியை ஒலிவாங்கியோடு சேர்த்துப் பிடித்தேன். சேற்று மீன்களுக்கும் சிப்பிகளுக்கும் கேட்கும்படி என் ஒலிபெருக்கி மந்திரம் சொன்னது. நடுநடுவே கரையில் யாரையோ அவர் அதட்டுவதும் சேர்ந்து கேட்டது. பெரியவர் முழங்கால் தண்ணீரில் இறங்கினார். நான் அவர் முழங்கையைப் பிடித்திருந்தேன். எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் வழிந்து போனதும், இலையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அது மிதந்து போவதைப் பார்த்தார். "தூரமா போவுதுலா" என்றார்.

எல்லாரும் முடித்தார்கள். கைப்பேசியை அணைத்தேன். திரும்பிப் பார்த்தால், என் வகுப்பு முழுவதும் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. தண்டாஸ் இல்லை. டீக்கடை இல்லை. என் பின்னால்தான் திரும்பிப் போக வேண்டும் என்பதால் யாரும் எங்கும் போக முடியாது. ஒலிபெருக்கி என் முதுகில் இருந்தது. இந்த வாய்ப்பு இன்னொரு முறை வராது.

ஒரு குச்சியை எடுத்து ஈர மணலில் மூன்று வட்டம் போட்டேன். கடல் ஏன் இல்லை என்று கேட்டீர்களே, இதனால்தான் என்று ஆரம்பித்தேன். அமாவாசையில் சூரியனும் நிலவும் பூமிக்கு ஒரே பக்கம் நிற்கின்றன, இரண்டும் சேர்ந்து இழுப்பதால் நீர் ஏறும்போது அளவுக்கு மீறி ஏறும், வற்றும்போது இப்படி அடியோடு வற்றும் என்றேன். நீங்கள் ஆற்றில் விட்ட வருடங்களிலும் இதே நாளில் கடல் இப்படித்தான் விலகிக் கிடந்தது என்றேன். கோபத்தில் சொன்னதால் சுருக்கமாகவும் சத்தமாகவும் வந்தது. அப்போ பௌர்ணமிக்கு என்று ஒருவர் கேட்டார். அதற்கும் இதே கதைதான் என்று இன்னொரு வட்டம் போட்டேன். யாரும் குறுக்கே பேசவில்லை. என் வகுப்பில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் கண்டதில்லை.

அதுவும் கொஞ்ச நேரம்தான். நீர் திரும்ப ஆரம்பித்துவிட்டது, கரைக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னபோது பாதிப் பேர் குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு விரதம் இல்லையா என்று அக்காவிடம் கத்தினேன்.

"இன்னைக்குத் தின்னக்கூடாது தம்பி. பொறுக்கலாம்."

சூரியனையும் நிலவையும் காட்டிப் பயமுறுத்தித்தான் அவர்களைக் கரை சேர்த்தேன். கடைசியில் வந்தவர்களின் கணுக்கால் வரை தண்ணீர் ஏறியிருந்தது.

சித்தியவான் கடையில் எல்லாரும் மீஹூனும் காய்கறியும் சாப்பிட்டார்கள், வெளியே காக்கைக்கு வைத்த பிறகுதான். அடுத்த மேசையில் மீனும் நண்டும் கணவாயும் பரப்பி வைத்திருந்தார்கள். அங்கே உட்காரத் தகுதியுள்ளவர்கள் நானும் பேருந்து ஓட்டுநரும் மட்டும்தான். அவருக்கும் அப்பா இருந்தார். "சாப்புடுங்க அண்ணே, ஒங்கப்பா நல்லாருக்கணும்" என்று எனக்கே எடுத்து வைத்தார். நாங்கள் நண்டை உடைக்கும் சத்தத்தை மற்றவர்கள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மிச்சத்தைத் தவுக்கே எனக்குப் பொட்டலமாகத் தாப்பாவ் கட்டிக் கொடுத்தார்.

திரும்பும்போது நான் ஒலிவாங்கியைத் தொடவில்லை. டீச்சர் எழுந்து இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல் நின்றார்.

"இண்டைக்குக் கடல் ஏன் அவ்வளவு தூரம் போனது? ஆர் சொல்லுவீங்கள்?"

லாரிப் பெரியவர் கையைத் தூக்கினார். "எங்கப்பன் வாரதுக்கு வழி விட்டுச்சு டீச்சர்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மண்டபத்தில் கரோக்கே சத்தம் இப்போதே என் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

டீச்சர் சிரிக்கவில்லை. "அது ஒண்டு. மற்றது?"

அக்கா சொன்னார், உட்கார்ந்தபடியே, சிப்பிப் பையைக் காலால் அணைத்துக்கொண்டு. "சூரியனும் சந்திரனும் ஒரே பக்கமா நின்னு இழுக்குது டீச்சர். ரெண்டும் சேந்து இழுத்தா ஏறுறதும் ரொம்ப ஏறும், எறங்குறதும் ரொம்ப எறங்கும். பௌர்ணமிக்கும் அப்படித்தான்னு தம்பி படம் போட்டு சொன்னிச்சு."

டீச்சர் என்னைப் பார்த்தார். "மண்டபம் உமக்கு. ஆனா இனித் தேதி வைக்கிறதெண்டால் என்னட்டைக் காட்டிப்போட்டு வையும்."

நன்றி சொல்ல எழுந்தேன். அதற்குள் பின்னாலிருந்து பெரியவரின் குரல் வந்தது, தை அமாவாசைக்கு எங்கே போகிறோம் என்று. இது கோவில் யாத்திரை இல்லை, வகுப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு யோசித்தேன். நான் எந்த மாதத்தில் நல்ல வற்றுநீர் தேடினாலும் அது அமாவாசையை ஒட்டியோ பௌர்ணமியை ஒட்டியோதான் வரும். இயற்கையே அவர்கள் பக்கம் நிற்கிறது. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

வீட்டுக்குப் போனபோது அப்பா ஜெலாப்பாங்கில் இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நண்டுப் பொட்டலத்தை மேசையில் வைத்து, உங்களுக்குத்தான் என்றேன். நண்டு என்றால் அவருக்கு உயிர். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார்.

"இன்னைக்கு அமாவாசைடா."

"காலைல ஏன்பா சொல்லல?"

"நீ படிச்சவன். ஒனக்குத் தெரியாதா" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். நாள் முழுவதும் பேருந்து நிறைய ஆட்கள் கேட்ட அதே கேள்வி. அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ சாப்புடு. ஒனக்கென்ன, நான் இருக்கேன்ல."

மோட்டார் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை நின்றேன். பிறகு பொட்டலத்தைக் குளிர்சாதனப் பெட்டியில், நாளைக்கு அவர் எழுந்ததும் கண்ணில் படும் தட்டில் வைத்தேன்.